கோதுமை மேல் விழுந்த பழி

தெருவில் எல்லாருக்கும் அவள் சாவியக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, கூரை சரிந்து இறங்கும் இடத்தில், ஒருவர் உட்காரவும் ஒருவர் நிற்கவும் மட்டும் இடமுள்ள கடை அவளுடையது. சுவர் முழுக்கக் கொக்கிகளில் வெட்டாத சாவிகள் பளபளவென்று தொங்கும். நடுவில் சாவி வெட்டும் மெஷின். யாராவது சாவியைத் தொலைத்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றால், "வீடு எங்கயும் ஓடிப்போயிடாது, உக்காருங்க" என்பாள். உட்கார அங்கே இடமே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் சிரித்துவிடுவார்.

மாதிரிச் சாவியை மெஷினின் பிடியில் வைத்துத் திருகி இறுக்க இரண்டு கையும் வேண்டும். அந்த நேரத்தில் புதுச் சாவியை உதட்டில் கவ்விக்கொள்வாள். பதினெட்டு வருடப் பழக்கம். வாயில் சாவியோடேயே பேசவும் தெரியும்.

அவள் கணவர் ரொட்டி சுடுபவர். இரண்டு தெரு தள்ளியிருந்த பேக்கரியில் அடுப்பு முழுக்க அவர் பொறுப்பு. அந்தப் பேக்கரியின் ஷட்டர் பூட்டு ஒருநாள் மக்கர் செய்ய, திறந்துகொடுக்கப் போனவள்தான் சாவியக்கா. திறந்து முடித்ததும் அவர் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை நீட்டினார். நின்றபடியே தின்று முடித்துவிட்டு, "இன்னொரு பாதி யாருக்கு?" என்று கேட்டாள். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்று அவருடைய அக்கா பிற்பாடு கேலி செய்வாள்.

அவர் கைராசி தவிடு நீக்காத முழுக்கோதுமை ரொட்டியில்தான். மேலே விதைகள் தூவி, ஓடு முறுகலாக, உள்ளே ஈரமாக, தட்டினால் மரப்பெட்டிபோல் சத்தம் வரும். முதல் இரண்டு வருடம் சாவியக்காவுக்குக் காலையும் மாலையும் அதுதான் சாப்பாடு. மூன்றாவது வருடம் அவளுக்கு உடம்பு படுத்த ஆரம்பித்தது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு பானைபோல் உப்பும். தலை வலிக்கும். ஒரு வாரம் பேதி, ஒரு வாரம் சரியாக இருக்கும், மறுபடி பேதி. அதோடு விரல் நுனிகளில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அரிப்பு தாங்காமல் சொறிந்தால் உடைந்து வெடிப்பாகிவிடும். உதட்டோரத்திலும் ஒரு சிவப்புத் தடிப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

வயிற்று டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். குழாய் விட்டுக் குடலையும் பார்த்தார். கோதுமையால் குடல் புண்ணாகும் நோய் இல்லை. கோதுமை அலர்ஜியும் இல்லை. "ஆனாலும் சிலருக்குக் கோதுமை ஒத்துக்கறதில்ல. நிறுத்திப் பாருங்க. நிறுத்தினா சரியாகுதுன்னா நிறுத்திட வேண்டியதுதான்" என்றார்.

நிறுத்தினாள். பாதி சரியானது. வயிற்று உப்பசம் குறைந்தது, கைக் கொப்புளம் குறையவில்லை. ரொட்டிக்குப் பதிலாக எதையாவது சாப்பிட வேண்டுமே. காலையில் ஓட்ஸ் கஞ்சி, பகலில் கொண்டைக்கடலை, பசித்தால் ஒரு கைப்பிடி முந்திரி, மனசு சோர்ந்தால் கறுப்புச் சாக்லேட். எல்லாமே கோதுமை கலக்காதது என்று அட்டையைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினாள். இரண்டு மாதம் கழித்து வயிறு பழைய நிலைமைக்கே திரும்பியது.

அப்போதுதான் வீட்டுக்குள் எங்கோ கோதுமை ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். ரொம்ப தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. தினமும் மாலையில் தலையில், புருவத்தில், சட்டை மடிப்பில் மாவோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் ரொட்டிக்காரர்.

"மாவு தூசி காத்துலயே மிதக்குமாம். மூச்சு வழியாவே உள்ள போயிடுமாம்" என்றாள் நாத்தனார். அவருடைய அந்த அக்காதான், எதிர்வீட்டில் இருந்தாள். ஃபோனில் எதையாவது படித்துவிட்டு வந்து வைத்தியம் சொல்வது அவளுக்குப் பொழுதுபோக்கு. கெட்ட எண்ணம் கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

ரொட்டிக்காரர் பேக்கரியிலேயே குளித்து, வேறு துணி மாற்றி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரத் தொடங்கினார். தலையை ஒட்ட வெட்டிக்கொண்டார். பின்கட்டு அறையில் தனியாகப் படுத்தார். அப்படியும் அவள் கை வெடித்தது. ஒரு மாலை மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றார். நல்ல அடர்த்தியான மீசை அது. கல்யாணப் பேச்சு எடுத்தபோது அந்த மீசைக்காகவே அவள் அரைமணி நேரம் முன்னதாகச் சரி சொல்லியிருக்கலாம்.

"மீசையிலதான் மாவு தங்குது. கண்ணாடியில பாத்தேன்" என்றார்.

அவர் மேல்உதடு வெளுத்து, யாரோபோல் இருந்தது. சாவியக்கா சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கடைசியில் அழுதாள். மூன்றாம் நாள் வயிறு மறுபடி உப்பியது.

அவர் வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். அவள் சம்மதிக்கவில்லை. அடுப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷனை அதிலிருந்து பிடுங்கி வீட்டில் உட்காரவைத்தால் அவர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு கணக்குப் பிரச்னையைத் தீர்ப்பதுபோல் பேசினார்கள். ஐந்து மணி நேர பஸ் பயணத் தூரத்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள். ஆறு மாதம் அவர் அங்கே இருந்து பார்ப்பது. அவர் இல்லாமல் அவளுக்குச் சரியானால் காரணம் அவர்தான். ஆகாவிட்டால் திரும்பி வந்துவிடுவது.

பஸ் நிலையத்தில் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவள் கீழே நின்றாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். தொடவில்லை. பரிசோதனை அப்போதே தொடங்கிவிட்டது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

அவர் போன இரண்டாவது வாரம் மழை ஈரத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து சாவியக்காவின் இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கடை மூடியது. நாத்தனார் மூன்று வேளையும் சமைத்துக் கொண்டுவந்தாள். அவளுக்குக் கடலை வகையறாவே ஆகாது. வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, இவ்வளவுதான். "உங்க சமையல்ல அழகும் இல்ல, ஆபத்தும் இல்ல அண்ணி" என்று சாவியக்கா சொன்னால், "அதான் என் புருஷன் இன்னும் உயிரோட இருக்கார்" என்பாள் அவள்.

நான்காவது வாரத்தில் வலது கை விரல்களின் வெடிப்புகள் மூடிக்கொண்டன. உதட்டுத் தடிப்பு மறைந்தது. வயிறு தட்டையாக, அமைதியாக, இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. வருடக்கணக்கில் அப்படி இருந்ததில்லை. சந்தோஷத்தில் உடனே அவருக்கு ஃபோன் போட்டாள்.

"கை சரியாயிடுச்சுங்க! வயிறும்! இத்தன நாள்ல இப்படி இருந்ததே இல்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. மறுமுனையில் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"நல்லது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லதுதானே" என்றார். அப்புறம், "அப்போ நான்தான்" என்றார்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கடையைத் திறந்தாள். ஒரு மாதத்துக்குள் விரல்கள் மறுபடி வெடித்தன. காலைக் கஞ்சியும் பகல் கடலையும் திரும்பி வந்தன, கூடவே வயிற்று உப்பசமும். அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: அலமாரியில் அவர் துணிகள் இருக்கின்றன, அதில் மாவு இருக்கிறது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு நீலச் சட்டையை மட்டும் பாலித்தீன் பையில் போட்டு இறுக்க முடிச்சுப் போட்டு மேல்தட்டில் வைத்தாள். முடிச்சை அவிழ்க்கப் பயம். தூக்கிப் போட மனசில்லை.

கை மறுபடி வெடித்ததை அவரிடம் அவள் சொல்லவில்லை.

நான்கு வருடம் ஓடியது. வாரம் ஒருமுறை ஃபோனில் பேசினார்கள். அவர் "உடம்பு?" என்பார். அவள் "நல்லா இருக்கு" என்பாள். அதற்குமேல் பேச்சு மழை, வெயில், நாத்தனாரின் முழங்கால் வலி என்று சுற்றிவிட்டு நின்றுபோகும். மதியம் மூன்று மணிக்குப் பழைய பேக்கரியில் இரண்டாம் சுற்று ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும். யாரோ வேறொருவர் சுட்டது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் வாசனை மாடிப்படி வரைக்கும் வரும். சாவியக்கா மெஷினை நிறுத்திவிடுவாள். யாராவது கேட்டால், சூடாகிவிட்டது, ஆறட்டும் என்பாள். வீட்டில் இன்றைக்கும் இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றை உள்ளே வைக்கிற பழக்கம் போகவில்லை. படுக்கையில் அவர் பக்கத்தை அவள் ஒருநாளும் தாண்டிப் படுத்ததில்லை. பின்கட்டு அறைக் கதவு காற்றில் தட்டினால், ஒரு நொடி, உள்ளே அவர் இருக்கிறார் என்றே தோன்றும்.

ஒரு காலை கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து சாவி ஒன்றை நீட்டினார். "கிளினிக் சாவி. இதே மாதிரி ரெண்டு வேணும்." சாவியக்கா வழக்கம்போல் புதுச் சாவியை வாயில் கவ்விக்கொண்டு மெஷினின் பிடியைத் திருகினாள். அந்த அம்மா கவுண்டர்மேல் குனிந்து அவளையே பார்த்தார்.

"அத மொதல்ல வாயில இருந்து எடுங்க."

"என்னங்க?"

"எடுங்கம்மா. கையக் காட்டுங்க. ரெண்டு கையும்."

தோல் டாக்டர் அவர். சாவியக்காவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டோரத்தைப் பார்த்தார். "எத்தன வருஷமா?" என்றார். "எட்டு" என்றாள். "இதுக்கு என்ன சொன்னாங்க?" "கோதுமைன்னு சொன்னாங்க. எனக்குக் கோதுமை ஆகாது."

டாக்டர் சுவரில் தொங்கும் நூற்றுக்கணக்கான சாவிகளை ஒரு சுற்று பார்த்தார். "நாளைக்கு என் கிளினிக்குக்கு வாங்க. சாவி ரெண்டையும் அங்கயே கொண்டுவந்து கொடுங்க. அப்பத்தான் கண்டிப்பா வருவீங்க."

போனாள். முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக ஒட்டினார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு பொருள். இரண்டு நாள் குளிக்கக் கூடாது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி இரண்டு நாள் கழித்துப் பார்த்தார்கள். மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து, தடித்து, கொப்புளித்திருந்தது. நர்ஸ் ஃபோனில் படம் எடுத்து அவளுக்குக் காட்டினாள்.

"இது நிக்கல்" என்றார் டாக்டர். "உங்க சாவி பளபளன்னு இருக்கே, அதுக்குப் பூசற உலோகம். நீங்க தினமும் அதத் தொடறீங்க, அரைச்ச தூள்ல கைய வைக்கறீங்க, போதாததுக்கு வாயில வேற வச்சுக்கறீங்க."

"அப்போ வயிறு? சாவியவா முழுங்கினேன்?"

டாக்டர் சிரித்தார். "சாப்பாட்டுலயும் நிக்கல் இருக்கும்மா. மண்ணுல இருந்து செடிக்கு வரும். எல்லாருக்கும் அது ஒண்ணும் பண்ணாது. நிக்கல் அலர்ஜி இருக்கறவங்கள்ல சில பேருக்கு, சாப்பாட்டுல வர்ற அந்தக் கொஞ்சமே வயித்தக் கிளறிவிடும், தோலையும் கிளறிவிடும். முழுக்கோதுமையில அது ஜாஸ்தி. தவிட்டுலதான் அதிகமா இருக்கும். அதனால கோதுமை ஆகலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கற சில பேருக்கு உண்மையில நிக்கல்தான் ஆகலையோன்னு ஆராய்ச்சி பண்ணறவங்க சந்தேகப்படறாங்க. முடிஞ்ச முடிவு இல்ல. உங்களுக்கு எப்படின்னு பாத்துத்தான் சொல்லணும். கோதுமைய விட்டுட்டு என்ன சாப்பிட்டீங்க?"

ஓட்ஸ், கொண்டைக்கடலை, முந்திரி, சாக்லேட் என்று அவள் சொல்லச் சொல்ல, டாக்டர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தார். "வீட்டுக்குள்ள திருடன் இருக்கான்னு வாசலப் பூட்டிட்டு, சமையக்கட்டு வழியா அவன் கூட்டாளிங்க நாலு பேர உள்ள விட்டிருக்கீங்க."

சாவியக்கா சிரிக்கவில்லை. "டாக்டர், ஒருத்தர் சட்டையில ஒட்டியிருக்கற மாவு… தலையில, மீசையில… அதால என் கை வெடிக்குமா?"

"கோதுமை அலர்ஜி இல்லன்னு அப்பவே பாத்துட்டாங்கல்ல? அப்புறம் சட்டையில இருக்கற மாவு உங்க கைய என்ன பண்ணும்? யார் சொன்னா?"

எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவர்களே சொல்லிக்கொண்டதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து அந்தப் பையை எடுத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துப் பிரித்தாள். சட்டையை முகத்தோடு சேர்த்து வைத்து மூச்சை இழுத்தாள். பாலித்தீன் வாசனை மட்டும்தான் வந்தது. கழுத்துப்பட்டி, கக்கம், கை மடிப்பு என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தாள். எங்கேயும் அவர் இல்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவே ஃபோன் போடு" என்று குதித்தாள் நாத்தனார். "என் தம்பிய நான்தானே விரட்டிவிட்டேன்! மூச்சு வழியா போகும்னு எந்தப் பாவி எழுதினான்? நான் போடறேன், குடு!"

"வேண்டாம் அண்ணி. ஒரு தடவ 'சரியாயிடுச்சு'ன்னு தப்பா சொல்லிட்டேன். ரெண்டாவது தடவயும் தப்பாகிடக் கூடாது. கை ஆறட்டும்."

தடிமனான வினைல் கையுறை வாங்கினாள். புதுச் சாவியை வைக்க மேசையில் ஒரு மரத்துண்டைக் குடைந்துகொண்டாள். ஆனாலும் முதல் வாரம் பழக்கத்தில் கை தானாக வாய்க்குப் போகும், பாதி வழியில் நிற்கும். ஓட்ஸும் கடலையும் முந்திரியும் சாக்லேட்டும் வீட்டைவிட்டுப் போயின. நாத்தனாரின் அழகில்லாத சமையல் திரும்பி வந்தது. ஆறாவது வாரக் கடைசியில் சாவியக்கா கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தது. வெடிப்பு ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருந்தது. கேட்டுக்கு எதிரே சிமெண்டு பெஞ்சு. சாப்பாட்டு இடைவேளையில் அவர் வெளியே வந்தார். தலையில் வலைத்தொப்பி. கொஞ்சம் இளைத்திருந்தார். மீசை இல்லை. இவளைப் பார்த்ததும் வேகமாக நடந்து வந்தவர் ஆறேழு அடி தூரத்தில் சட்டென்று நின்றுவிட்டார்.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது. நீ இந்தப் பக்கமா வந்து நில்லு" என்றார்.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம் அடுக்கி வைத்திருந்த வார்த்தையெல்லாம் சாவியக்காவுக்குச் சரிந்துவிட்டது. கிட்டப் போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் பின்னால் இழுத்தார். விடவில்லை.

"மாவு இல்லீங்க. நீங்க இல்ல. சாவி. என் சாவி. அதுமேல பூசியிருக்கற நிக்கல்."

எல்லாவற்றையும் சொன்னாள். முதுகில் ஒட்டிய வட்டங்கள், முழுக்கோதுமைத் தவிடு, ஓட்ஸ், முறிந்த மணிக்கட்டு, ஆறு வாரம் கடை மூடியிருந்தது, அண்ணியின் வெள்ளைச் சோறு. "கட்டுப் போட்டிருந்ததாலதான் அப்ப சரியாச்சு. சாவியத் தொடல, கடலை சாப்பிடல. நீங்க போனதால இல்ல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வலைத்தொப்பியை எடுத்து நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"தோலு உரியற வரைக்கும் தேச்சுக் குளிச்சேன்" என்றார். "இங்க வந்தப்புறமும். பஸ்ல பக்கத்துல யாராவது உக்காந்தா ஒதுங்கிப்பேன். அவங்களுக்கும் என்னால எதாவது ஆயிடுமோன்னு. ஒரு கைக்குழந்தைய என்கிட்ட குடுத்து, கொஞ்சம் பிடிங்கன்னு சொன்னா ஒரு அம்மா. நான் எழுந்து ஓடிட்டேன். அவ என்ன நெனச்சிருப்பா?"

அவள் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க ரொட்டிய யாரும் கையால தொடறதில்ல, தெரியுமா? எல்லாம் மெஷின். நான் பொத்தான் அமுக்கறேன். அதுவும் நல்லதுதான்னு இருந்துட்டேன்." தலையை நிமிர்த்தினார். "கட்டுப் பிரிச்சப்புறம் கை திரும்ப வெடிச்சிருக்கணுமே?"

"வெடிச்சுது."

"எப்போ?"

"ஒரு மாசத்துல."

"நாலு வருஷமா உடம்பு எப்படின்னு கேட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னே."

"ஆமா."

"ஏன்?"

"சொன்னா நீங்க வந்துடுவீங்க. வந்து, மறுபடியும் ஆகலன்னா மறுபடியும் அனுப்பணும். உங்கள ரெண்டாவது தடவ பஸ் ஏத்த எனக்குத் தெம்பு இல்லங்க."

"என் தெம்பப் பத்தி யோசிச்சியா?"

சைரன் ஊதியது. அவர் எழுந்தார். முகம் இறுகியிருந்தது. கோபமாக அவரை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. "ஒரு நாள் வந்து வெள்ளை மாவுல எனக்கு…" என்று தொடங்கினாள். "நான் யோசிக்கணும். பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு கேட்டுக்குள் போனார்.

திரும்பி வந்த பஸ்ஸில் சாவியக்கா வழிநெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் இல்லாத நான்கு வருடத்தில்கூட அவ்வளவு தூரத்தில் அவர் இருந்ததாக அவளுக்குத் தோன்றியதில்லை. அப்போதெல்லாம் குற்றவாளி கோதுமை. இப்போது அவள்.

எட்டு நாள் ஃபோன் இல்லை. நாத்தனார் தினமும் வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். அவள் எதுவும் கேட்காமல் போவது உலக அதிசயம். ஒன்பதாவது நாள் கடையில் ஒரு ஆளின் பெட்டிப்பூட்டை நோண்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"தவிடு இல்லாத மாவுதானே?" என்றார் ரொட்டிக்காரர், எடுத்த எடுப்பில்.

"ஆமா. கொஞ்சமா சாப்பிட்டுப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க."

"உங்க வீட்டு அடுப்புல சூடு ஒரு பக்கமா ஏறும். அக்கா வீட்டு அடுப்பத் துடைச்சு வைக்கச் சொல்லு. ஞாயித்துக்கெழம வரேன்."

'உங்க வீட்டு' என்று சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வருகிறார்.

ஞாயிறு காலை வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு நாத்தனார் வீட்டுச் சமையல் மேடையில் மாவைக் கொட்டினார். தண்ணீர் விட்டார். கையை உள்ளே வைத்ததும் நின்றுவிட்டார். நான்கு வருடத்துக்குப் பிறகு மாவு. அவருடைய தோள் மெல்ல இறங்குவதைச் சாவியக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். அப்புறம் பிசைய ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "தம்பி, மாவுக்கு மூச்சு முட்டப் போகுது" என்று நாத்தனார் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

ரொட்டி சரியாக எழும்பவில்லை. ஒரு பக்கம் சப்பையாகக் கிடந்தது. "கை மறந்துபோச்சு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. சாவியக்கா ஒரே ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டாள். மெதுவாக, மூன்று தடவையாகப் பிட்டுத் தின்றாள். அவரும் நாத்தனாரும் வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவே தெரியாது. ரெண்டு நாள் ஆகும்" என்றாள்.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "என் கோவம் இன்னும் போகல" என்றார். "தெரியும்" என்றாள். "போகாமலே வருவேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை வயிறு அமைதியாக இருந்தது. விரல்களும் அப்படியே இருந்தன. ஃபோனில் சொன்னபோது அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அடுத்தடுத்து நான்கைந்து ஞாயிறு வந்தார். இரண்டு துண்டு, மூன்று துண்டு வரை பார்த்தார்கள். டாக்டர் சொல்லி ஒரு தடவை அவருடைய பழைய முழுக்கோதுமை ரொட்டியிலும் ஒரு துண்டு தின்று பார்த்தாள். மறுநாளே வயிறு பானையாகிவிட்டது. அந்த ரொட்டி அவளுக்கு இனிமேல் இல்லை. அதைச் சொன்னபோது இரண்டு பேருக்குமே கொஞ்ச நேரம் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு தவிர மற்ற ஆறு நாளும் முன்பைவிட நீளமாகிவிட்டன. நம்பிக்கை இல்லாத காலத்தில் அவரை நினைப்பது பழகிப்போன வலி. இப்போது புதன்கிழமை வந்தாலே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே வேலையை விட்டுவிட்டு இங்கே வர அவருக்கு வழியில்லை. பழைய பேக்கரியில் வேறு ஆள் இருக்கிறார், மற்ற இடங்களில் ஆள் எடுக்கவில்லை. "வரேன், வரேன், கொஞ்சம் பொறு" என்றார். குரலில் கோபம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவள் ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துப் பார்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடையில் யாரும் இல்லை. அவரைக் கூப்பிட்டாள்.

"அந்த ஊர்ல சாவி வெட்ட ஆள் இருக்காங்களா?"

"ஒருத்தர் இருந்தார். மகன் வீட்டோட போயிட்டார். ஏன்?"

"நீங்க வர முடியலன்னா நான் வரேன். மெஷினத் தூக்கி பஸ்ல வச்சா வந்துடும். அன்னைக்கு உங்களத்தானே அனுப்பினேன்? இப்ப நான் கெளம்பறதுதான் நியாயம்."

அவள் மெஷினின் பிடியை இறுக்கினாள், தளர்த்தினாள்.

"ரூமு ரொம்பச் சின்னது" என்றார் கடைசியில்.

"எவ்வளவு சின்னது?"

"அளந்து பாத்ததில்ல."

"இப்ப அளங்க."

"இப்பவா? ஷிஃப்டுக்குக் கெளம்பிட்டு இருக்கேன்."

"பரவாயில்ல. கெளம்பறதுக்குள்ள அளங்க."

ஃபோனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு சுவரோரத்திலிருந்து அவர் அடி எடுத்து வைப்பது கேட்டது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். "கட்டில் இடிக்குது" என்று தூரத்திலிருந்து கத்தினார். "கட்டில நகத்துங்க" என்று இவளும் மாடிப்படிக்கடியில் இருந்து கத்தினாள். மேலே படியில் இறங்கி வந்துகொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு நின்றார். கட்டில் தரையில் கிறீச்சிட்டது. அவர் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். சாவியக்கா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தாள்.